டிஜிட்டல் பலகை எங்கே காசைத் திருப்பித் தரும், எங்கே வீண்? சேலத்துக் கடைகளையும் பொது இடங்களையும் வைத்து ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் கடைக்காரர் ஒருவர், வாசலில் எல்இடி பலகையும் உள்ளே இரண்டு டிவியும் வைக்கலாமா, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி மாதிரி பொது இடங்களில் இந்தத் திரைகளால் உண்மையில் என்ன பயன் என்பதும் அவர் கேள்வியில் இருக்கிறது.

திரை வேண்டுமா, பெயின்ட் அடித்த போர்டே போதுமா என்று முடிவு செய்ய இரண்டு விஷயத்தைப் பாருங்கள். சொல்ல வேண்டிய தகவல் அடிக்கடி மாறுகிறதா? அதைப் படிக்க வேண்டியவர் அந்த இடத்தில் கொஞ்ச நேரமாவது நிற்கிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தயங்காமல் வையுங்கள். கடைப் பெயர், போன் நம்பர், ‘வெள்ளி, வெண்கலப் பொருட்கள் கிடைக்கும்’ போன்றவை வருஷம் முழுக்க மாறாதவை. அவற்றுக்கு நல்ல அக்ரிலிக் எழுத்துப் பலகையே சரி. பழுது என்று யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

கொலுசுக் கடையில் தினமும் மாறுவது வெள்ளி விலை. அதனால் ரேட் போர்டுதான் அங்கே முதல் திரை. கிராம் விலையோடு தேதியையும் நேரத்தையும் கட்டாயம் காட்டுங்கள். ‘காலை 10.15 நிலவரம்’ என்று ஒரு வரி இருந்தால் கவுன்டரில் பாதித் தகராறு குறையும். நேற்றைய விலை ஓடிக்கொண்டிருக்கும் ரேட் போர்டு, போர்டே இல்லாததைவிட மோசம். அது கடைக்காரர் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பும்.

உள்ளே வைக்கும் டிவிக்கு வேறு வேலை. கொலுசில் வேலைப்பாடு எல்லாம் சின்னச் சின்ன இடத்தில் இருக்கும்: முத்து கோத்திருக்கும் விதம், சலங்கை பற்றவைத்த இடம், திருகு. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்பவருக்கு இது தெரியாது. ஒவ்வொரு டிசைனையும் நெருக்கமாக எடுத்து, 6 முதல் 8 விநாடி வீதம் மெதுவாகத் திருப்பிக் காட்டி, கீழே எடையையும் செய்கூலியையும் போட்டால், வாடிக்கையாளர் திரையைக் காட்டி ‘அதை எடுங்க’ என்பார். இதற்கு 43 அங்குலத் திரை ஒன்று போதும். இரண்டாவது டிவி வாங்கும் பணத்தை நல்ல வீடியோ எடுக்கச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

மற்ற கடைகளுக்கும் இதே கணக்குதான். டிபன் ஹோட்டலில் காலை இட்லி பொங்கல், பகல் சாப்பாடு, மாலை பஜ்ஜி போண்டா என்று மெனு நேரத்துக்கு நேரம் மாறுவதால் திரை பொருந்தும். காலை 11 மணிக்குப் பட்டியல் தானாக மாறும்படி மென்பொருளில் நேரம் குறித்துவிடலாம். தீர்ந்துபோன பலகாரத்தை உடனே எடுத்துவிட முடிவதுதான் இதில் பெரிய வசதி. லீ பஜார் மண்டியிலோ உழவர் சந்தையிலோ அன்றைய விலைப்பட்டியல் பெரிய எழுத்தில் தெரிந்தால், விற்பவர் வாங்குபவர் இருவருக்கும் லாபம். ஆனால் உழவர் சந்தை வியாபாரம் விடிகாலையிலேயே சூடு பிடித்துவிடும். 9 மணிக்கு வரும் ஊழியர் வந்துதான் விலை மாற்ற வேண்டும் என்றால் அந்தத் திரையால் பயனில்லை. ‘இதைத் தினமும் மாற்றுவது யார், எத்தனை மணிக்கு?’ என்ற கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வந்த பிறகே பொருளை ஆர்டர் செய்யுங்கள். திரைகள் பழுதாகிக் கெடுவதைவிட, மாற்ற ஆள் இல்லாமல் பழைய தீபாவளி வாழ்த்தைக் காட்டிக்கொண்டு கெடுவதே அதிகம்.

இனி பொது இடங்கள். ஆஸ்பத்திரி புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் திரை எவ்வளவு உதவி என்பது, மருத்துவர் அறை வாசலில் கூட்டமாக நெருக்கியடித்து நின்றவர்களுக்குத் தெரியும். நம்பர் திரையில் வரும் என்று நம்பிக்கை வந்தால்தான் மக்கள் உட்காருவார்கள். டோக்கன் எண்ணும் அறை எண்ணும் மட்டும் திரையின் பாதியை நிரப்ப வேண்டும். படிக்கத் தெரியாதவரும் பார்வை மங்கியவரும் வரும் இடம் அது. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம், எண் மாறும்போது ஒரு மணியோசை, தமிழில் ஒரு குரல் அறிவிப்பு, மூன்றும் வேண்டும். மீதிப் பாதியில் சர்க்கரை நோய், தடுப்பூசி பற்றிய தகவல் ஓடலாம். அங்கே ஒருவர் முக்கால் மணி நேரம்கூட உட்காருவார் என்பதால் அந்தச் சுற்று 15, 20 நிமிடம் நீளமாக இருப்பது நல்லது. பில் போடும் கவுன்டரில் நிற்பவருக்கோ இரண்டு நிமிடச் சுற்றே அதிகம். சுற்றின் நீளத்தைக் காத்திருக்கும் நேரத்தோடு பொருத்துவது எளிய வேலை. அதைச் செய்யாததால்தான் ஒரே விளம்பரத்தைப் பத்துத் தடவை பார்த்து மக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பேருந்து நிலையத்தில் பயணி தேடுவது எந்த ஊர் வண்டி, எந்த நடைமேடை, எத்தனை மணி என்பதைத்தான். விளம்பரம் திரையை முழுதாக மூடி, அரை நிமிடம் கழித்து நேரப்பட்டியல் வந்தால், அதற்குள் வண்டி கிளம்பிவிடும். நேரப்பட்டியலுக்கு நிரந்தர இடமும் விளம்பரத்துக்கு ஓரமும் என்று பிரித்துவிடுங்கள். கலெக்டர் அலுவலகம் மாதிரி இடங்களில் மேட்டூர் அணையின் அன்றைய நீர்மட்டம், முழு நீர்மட்டமான 120 அடிக்கு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டினால், நம் மாவட்டத்தில் அதைப் படிக்காமல் போகிறவர் இருக்க மாட்டார். மக்கள் தாங்களாகவே தேடும் ஒரு தகவல் திரையில் இருந்தால்தான், பக்கத்தில் போடும் அரசு அறிவிப்பும் கண்ணில் படும்.

ஏற்காடு மலைப்பாதைக்கு இந்தப் பலகைகள் மிகவும் தேவை. கனமழையில் மண் சரிந்து பாதை அடைபடும்போதும், கோடை விழா நாட்களில் போக்குவரத்தை மாற்றிவிடும்போதும், செய்தி வண்டிக்காரருக்கு எங்கே கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடிவாரம் சோதனைச்சாவடியில் ‘பாதை மூடல், குப்பனூர் வழியாகச் செல்லவும்’ என்று பலகை வைத்தால், அதைப் படித்தவர் மறுபடி ஊருக்குள் வந்து அயோத்தியாப்பட்டணம் பக்கம் போக வேண்டும். அதே வரியை அஸ்தம்பட்டியிலேயே காட்டினால் அங்கிருந்தே திரும்பிக்கொள்வார். வழிகாட்டும் பலகை எதுவானாலும், ஆள் முடிவெடுக்கும் திருப்பத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பார்க்கிங் நிரம்பிவிட்டது என்பதை ஏரிக்கரையில் சொல்லிப் பயனில்லை, முந்தைய சந்திப்பில் சொல்ல வேண்டும்.

இப்போது வாங்கும் விஷயம். எல்இடி பலகையில் பி10, பி5, பி4, பி2.5 என்று சொல்வது ஒரு பல்புக்கும் அடுத்த பல்புக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். கைக்கணக்காக, அந்த எண் எவ்வளவோ அத்தனை மீட்டருக்கு அப்பால் நின்றால்தான் படம் படமாகத் தெரியும், அதற்குள் வந்தால் புள்ளிகளாகத் தெரியும். பி10 சாலையைப் பார்த்த பலகைக்குச் சரி. 12 அடி அகலக் கடைக்குள் பி10 வைத்தால் கண் கூசும். கல்யாண மண்டப மேடைக்கு பி3 அல்லது அதற்குக் கீழே கேளுங்கள். மண்டபத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பது, 3840 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். குறைந்தால் போட்டோவிலும் வீடியோவிலும் திரையில் கறுப்புப் பட்டைகள் விழும், மணமக்கள் பின்னால் அதுதான் நிரந்தரமாக நிற்கும்.

அளவுக்கு ஏமாறாதீர்கள். எல்இடி திரை என்பது மாடியூல் எனப்படும் பல்பு பதித்த தட்டுகளை அடுக்கிச் செய்வது. 320க்கு 160 மில்லிமீட்டர் மாடியூலை அகலத்தில் 8, உயரத்தில் 12 அடுக்கினால் சுமார் எட்டரை அடிக்கு ஆறேகால் அடித் திரை. பார்க்கப் பெரிதுதான். ஆனால் பி4 என்றால் அதில் இருப்பது 640க்கு 480 புள்ளிகள், பி10 என்றால் வெறும் 256க்கு 192. ஃப்ளெக்ஸுக்கு வடிவமைத்த படத்தை, கிளை முகவரிகள் ஆறோடு, அப்படியே இதில் ஏற்றினால் முகவரி எல்லாம் தூசியாகத் தெரியும். டிசைனரிடம் அடிக்கணக்கு சொல்லாமல் புள்ளிக்கணக்கு சொல்லி, அதே அளவில் படம் கேளுங்கள்.

வாசலில் ஓடும் எழுத்துப் பலகைக்குச் செலவு குறைந்த வழி பி10 ஒற்றை நிற மாடியூல். ஒவ்வொன்றிலும் 32க்கு 16 புள்ளி. ஆறடிக்கு ஓரடிப் பலகைக்கு அகலத்தில் 6, உயரத்தில் 2, மொத்தம் 12 மாடியூல். ஒரு மாடியூல் முழு வெளிச்சத்தில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 5 வோல்ட் 40 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்றுக்கு, கொஞ்சம் மிச்சம் விட்டு, 8 மாடியூலுக்கு மேல் போடக் கூடாது. ஆக இரண்டு சப்ளை. ஒன்றே போதும் என்பவர் சப்ளையை அதன் எல்லையைத் தாண்டி ஓட்டப்போகிறார். நம்மூர் ஏப்ரல், மே வெயிலில் மூடிய தகரப் பெட்டிக்குள் அது நீடிக்காது. உயரத்தை ஒரு மாடியூலாக, அதாவது 16 புள்ளியாகக் குறைத்து மிச்சம் பிடிக்கவும் பார்க்காதீர்கள். ஆங்கிலத்துக்கு 16 போதும். தமிழில் மேலே மெய்யெழுத்தின் புள்ளியும் இகர விசிறியும், கீழே உகர ஊகார வாலும் இருக்கின்றன. ‘ணு’, ‘ழு’, ‘ளு’ எல்லாம் 16 புள்ளிக்குள் ஒரே சிவப்புக் கறையாகிவிடும். 32 புள்ளி வையுங்கள்.

தமிழில் அடிக்கடி வரும் கோளாறு இன்னொன்று. பலகையில் எது ஓட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கார்டோடு வரும் மென்பொருளில் நேரடியாகத் தமிழ் தட்டினால், பல சமயம் எழுத்துகள் உடைந்துவிடும். ‘கொலுசு’ என்று அடித்தால் ‘க’ முதலில் நிற்கும், அதன் கொம்பும் காலும் பின்னால் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு வரும். ‘சேலம்’ என்பதில் ‘ச’வுக்குப் பிறகு இரட்டைக்கொம்பு போய் நிற்கும். காரணம், யூனிகோடில் மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது திரையில் வரையும் மென்பொருளின் வேலை. இந்தச் சின்ன மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. தீர்வு எளிது. கணினியில் படம் வரையும் எந்த மென்பொருளிலும், கறுப்புப் பின்னணியில், லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் தடித்த எழுத்தாகத் தட்டுங்கள். உயரம் சரியாக 32 புள்ளி, நீளம் வாக்கியத்துக்கு ஏற்றபடி. பிஎம்பி படமாகச் சேமித்து, எழுத்தாக ஏற்றாமல் படமாக ஏற்றி, இடப்பக்கம் ஓடவிடுங்கள். உடையவே உடையாது. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியை வைத்து ஓட்டினால் அதில் தமிழ் எழுத்துரு நிறுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் வெறும் கட்டங்களே வரும்.

ஓடும் எழுத்து யாருக்கு என்பதையும் யோசியுங்கள். நிதானமாகப் படிக்க, 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்து உயரம் வேண்டும் என்பது பழகிய கணக்கு. ஓரடி உயர எழுத்தைச் சுமார் 38 மீட்டரிலிருந்து சுகமாகப் படிக்கலாம். ஐந்து ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக், விநாடிக்கு 11 மீட்டர் கடக்கும். அவருக்குக் கிடைப்பது மூன்றரை விநாடி. அதற்குள் ஓடும் வாக்கியத்தில் நடு வார்த்தை ஒன்றோ இரண்டோதான் கண்ணில் படும். சாலைப் பக்கம் நிலையாக நிற்கும் மூன்று நான்கு வார்த்தை, நடந்து போகிறவர் பக்கம் ஓடும் எழுத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். அசையும் வீடியோவைச் சிக்னலுக்கு நேராக வைக்காதீர்கள். ஓட்டுபவர் கவனம் சிதறினால் உயிர்ச் சேதம், அது எந்த விளம்பரத்துக்கும் ஈடாகாது.

உள்ளே வைக்க வீட்டு டிவி போதுமா? நிழலான இடத்தில், ஒரு நாளைக்கு 8, 10 மணி நேரம் என்றால் ஓட்டலாம். ஆனால் பல நிறுவனங்களின் வீட்டு டிவி வாரன்டி கடை உபயோகத்துக்குச் செல்லாது, வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள். வீட்டு டிவியின் வெளிச்சம் 250 முதல் 350 நிட்ஸ். கடை முகப்புக் கண்ணாடியைப் பார்த்து வைத்தால் பகலில் கறுப்புக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். அந்த இடத்துக்கு 2500 நிட்ஸ் வகை, திறந்த வெளிக்கு 5000 நிட்ஸுக்கு மேற்பட்ட எல்இடி. மேற்குப் பார்த்த கடையில் சாதாரண எல்சிடி திரையை முகப்பில் வைத்தால் இன்னொரு வினை உண்டு. மாலை வெயில் நேராக விழுந்து கண்ணாடி கொதிக்கும்போது, உள்ளிருக்கும் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து, நடுவில் கறுப்புத் திட்டு விழும். ஆறினால் மறையும், தினமும் நடந்தால் திரை சீக்கிரம் போய்விடும். நெட்டுக்குத்தாக மாட்டுவதென்றாலும் அதற்கென வடிவமைத்த திரையே வேண்டும், வீட்டு டிவியில் சூடு வெளியேறும் துளைகள் அந்த நிலைக்கு ஏற்றவை அல்ல.

மின்செலவு பயப்படும் அளவில்லை. 43 அங்குலத் திரை சுமார் 100 வாட். 12 மணி நேரத்துக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். உங்கள் வணிக இணைப்பின் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பென் டிரைவ் செருகி ஓட்டுவது முதல் வாரம் நன்றாக இருக்கும். கரண்ட் போய் வந்ததும் டிவி வழக்கமான முகப்புக்குப் போய் நிற்கும், யாராவது ரிமோட்டோடு வந்தால்தான் உயிர் வரும். கரண்ட் வந்ததும் தானாகவே இயங்கி, செயலியையும் தானே திறக்கும் பிளேயர் பெட்டியை டிவியோடு இணைக்கப் பாருங்கள். சிபோ (Xibo), ஆந்தியாஸ் (Anthias) போன்ற இலவசத் திறமூல மென்பொருள்கள் ஒரு சில திரைகளுக்குத் தாராளம். படங்களைப் பெட்டியிலேயே சேமித்து ஓட்டும் அமைப்பாக இருந்தால், நெட் போனாலும் திரை இருளாது. ராஸ்பெரி பையில் திடீர் மின்தடையால் மெமரி கார்டு கெட்டுப்போவது சகஜம், ஆகவே பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வையுங்கள். எச்டிஎம்ஐ ஒயரைப் 10 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், மினுக்கும். தூரம் அதிகமென்றால் கேட்6 என்ற நெட்வொர்க் ஒயரில் எக்ஸ்டென்டர் போடுங்கள்.

வைஃபை கன்ட்ரோலர் கார்டின் கடவுச்சொல்லை மாட்டிய அன்றே மாற்றுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது ஒரே வகைக் கார்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே கடவுச்சொல்தான். தெருவில் நிற்கும் எவரும் போனிலிருந்து உங்கள் பலகையில் எதை வேண்டுமானாலும் ஓடவிட முடியும்.

பெரிய வண்ணத்திரையில் ஒரு ஓரம் மட்டும் வெள்ளை சிவந்து தெரிந்தால், மாடியூலை மாற்றச் சொல்வதற்கு முன் அந்த ஓரத்தில் வோல்ட் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய ஒயர் நீளமாகப் போனால் 5 வோல்ட் 4.5க்குக் கீழே இறங்கும். சிவப்பு பல்பு 2 வோல்டிலேயே எரியும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும், அதனால் அவைதான் முதலில் மங்கும். தடித்த ஒயரோ அந்தப் பக்கம் இன்னொரு சப்ளையோ போட்டால் தீர்ந்தது.

ஏற்காட்டில் விடுதியோ காபிக் கடையோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் பிரச்சினை வெயில் இல்லை, ஈரம். இரவில் முழுதாக அணைத்துவிட்டால் பெட்டிக்குள் பனி நீராகக் கோத்து, பல்புகள் வரிசையாகச் சாகும். வெளிச்சத்தை மிகக் குறைத்து ஓடவிட்டால் அந்தச் சிறு சூடே உள்ளே காயவைக்கும். தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் தரக்குறி முன்பக்கம் ஐபி65, பின்பக்கம் ஐபி54க்குக் குறையாமல் கேளுங்கள். இடி மின்னலுக்கு நல்ல எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லாமல் மாட்டவே வேண்டாம். மூடுபனியில் வெள்ளைப் பின்னணி ஒளி சிதறிப் புகையாகத் தெரியும், கறுப்புப் பின்னணியில் ஒளிரும் எழுத்தே தெளிவாகத் தெரியும்.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தக் கட்டடமானாலும் சாலையைப் பார்த்த விளம்பரத் திரைக்கு மாநகராட்சியிடம் கேட்டுக்கொண்டே மாட்டுங்கள், நெடுஞ்சாலை ஓரம் என்றால் அந்தத் துறையிடமும். பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி திரைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது கடைக்காரர்கள் அறிந்த விகிதம்.

ஆர்டர் கொடுக்கும்போதே அதே பேட்ச் மாடியூலில் நூற்றுக்கு ஐந்து கூடுதலாகவும், ஒரு பவர் சப்ளையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் தேடினால் அதே பி4 கிடைக்கும், அதே நிறம் கிடைக்காது. புதிதாக மாட்டிய ஒரு கட்டம் மட்டும் திரையின் நடுவில் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.